மோளம் இல்லாத பாட்டு

சென்னையில் ஒரு காபிக் கடையில் மாதம் ஒரு சனிக்கிழமை 'ஓப்பன் மைக்' நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், மைக் முன்னால் நிற்கலாம். ஆளுக்கு ஆறு நிமிஷம். பாடுகிறவனிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும், ஒரு காபி 220 ரூபாய். 'யார் வேண்டுமானாலும்' என்பதற்கு அங்கே அவ்வளவுதான் அர்த்தம். ஒரு தோழர் கூட்டிப்போனார். என்னுடைய பழைய கிவ்சன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

பாப் மார்லியின் 'ரிடம்ப்ஷன் சாங்' பாடினேன். இன்னொருவர் பாட்டை எடுத்துப் பாடினால் அதற்குக் 'கவர்' என்று பெயர். 1980இல் வந்த 'அப்ரைசிங்' தொகுப்பில் கடைசிப் பாட்டு இது. அப்போதே மார்லியின் உடம்பில் புற்றுநோய் இருந்தது. அடுத்த வருஷம் மே மாதம் 36 வயதில் செத்துப்போனார். அந்தப் பதிவில் ஒரு குரலும் ஒரு கிட்டாரும் தவிர வேறு வாத்தியம் கிடையாது. ஜி, இ மைனர், சி, டி, ஏ மைனர் என்று நாலைந்து கார்டு போதும். கை பழகியவன் ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். ஆரம்பத்தில் தடித்த தந்திகளில் வரும் சின்ன ஓட்டம்தான் கொஞ்சம் தண்ணி காட்டும். அன்றைக்கும் காட்டியது, விரல் வழுக்கி ஒரு சுரம் செத்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. ஆளைப் பிடித்துக் கப்பலில் விற்ற கதையோடு தொடங்குகிற பாட்டைக் கூடவே பாடினார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நல்ல கைதட்டல்.

கீழே இறங்கியதும் ஒரு தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "செம ப்ரோ. என்ன ஒரு வலி! நல்லவேளை, நம்ம ஊர்ல இந்த அடிமை வியாபாரமெல்லாம் நடக்கல."

நான் சிரித்தேன். அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன், பத்து வருஷமாக மேடை மேடையாகக் கத்துகிறவன், பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

பதிலெல்லாம் திரும்பிப் போகிற பஸ்ஸில்தான் வந்தது, வழக்கம்போல. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் விழும்போதெல்லாம் டச்சுக் கம்பெனி பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை வாங்கிக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனது. கப்பலுக்குப் போகாதவர்கள் மட்டும் என்ன, இங்கே சுதந்திரமாகவா இருந்தார்கள்? பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். 1843இல் கம்பெனி அரசாங்கம் ஐந்தாவது சட்டம் போட்டு, ஒரு மனுசனை இன்னொரு மனுசனின் சொத்தாக நீதிமன்றம் ஏற்காது என்றது. இல்லாத ஒன்றுக்கு எவனாவது சட்டம் போடுவானா? அதற்குப் பிறகும் பண்ணையாள், படியாள் என்று பெயர்தான் மாறியது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் வெந்து செத்தார்கள், கூலி கேட்ட சேரி என்பதற்காக. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். எங்கள் ஐயாவின் ஐயா ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். அவர் பேரன் ஜமைக்காக்காரனின் வலியைப் பாடி நம்ம ஊர்க்காரனிடம் கைதட்டல் வாங்கினேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? யோசித்துப் பார்த்தால் அதற்குக் காரணம் என் கையில் இருந்த கிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

எங்களுக்கு மதுரைப் பக்கம். ஐயா பறையடித்தவர். ஊருக்குள் எந்தச் சாவு விழுந்தாலும் சேரிக்கு ஆள் வரும். மழையோ பசியோ, பிணம் சுடுகாடு சேருகிறவரை அடிக்க வேண்டும். கூலி என்று கேட்கக்கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். 1995இல், எனக்கு ஐந்து வயசு, இனி ஊர் எழவுக்கு அடிப்பதில்லை என்று தெருக்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி மந்தையில் தீ மூட்டினார்கள். பறையைத் தீயில் காட்டுவது எங்களுக்குப் புதுசில்லை. தோல் இறுகுவதற்குக் காய்ச்சுவார்கள். அன்று காய்ச்சவில்லை, எரித்தார்கள். ஐயாவும் தன்னுடையதைக் கொண்டுபோய்ப் போட்டார். தோல் கருகின நாத்தம் மூன்று நாள் தெருவில் நின்றது. அதற்குப் பிறகு ஏழு மாசம் எங்கள் ஆட்களுக்கு ஊரில் வயல் வேலை கிடையாது. அம்மா ஆறு மைல் நடந்து வேறு ஊருக்குக் களையெடுக்கப் போனாள்.

ஒருநாள் நான் தகர டப்பாவில் இரண்டு குச்சியை வைத்துத் தட்டினேன். ஐயா குச்சியைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். "இனி இத எடுத்த, கைய ஒடிச்சிருவேன்."

கிட்டார் வந்தது கோயில் வழியாக. 2004 வாக்கில் அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து ஓர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைக்கு வருவார். பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தவர். கர்நாடகக் கீர்த்தனையும் வெள்ளைக்காரன் ஞானப்பாட்டும் மட்டும்தான் சாமிக்குப் பிடிக்குமா என்று கேட்டு, நாட்டுப்புற மெட்டில் ஆராதனையே எழுதியவர் அவர். அவரிடம் படித்த அந்த அண்ணனுக்கும் பறையைக் கோயிலுக்குள் கொண்டுவர ஆசை. ஐயாவிடம் வந்து கேட்டார். ஐயா சொன்னார், "இத்தன வருசம் எழவு வாசல்ல நின்னு அடிச்சது பத்தாதா தம்பி, சாமிக்கு முன்னாலயும் நின்னு அடிக்கணுமா?"

அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பறையை எரித்ததும் விடுதலைதான், எடுத்து அடிப்பதும் விடுதலைதான் என்று கட்டுரையில் எழுதிவிடலாம். அடித்தவர் உடம்பு அதை அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்ளாது. அண்ணன் கொண்டுவந்த கிட்டாரை மட்டும் ஐயா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் இல்லை, மரமும் கம்பியும்தான். பிறகு என் கையில் கொடுத்தார். "இதப் படி. இதுக்குச் சாதி கெடையாது. இத வாசிச்சா எவனும் எழவுக்குக் கூப்புடமாட்டான்."

உண்மைதான், யாரும் கூப்பிடவில்லை. கிட்டாரோடு போனால் பஸ்ஸில் மரியாதை. கல்லூரி விடுதியில் மரியாதை. "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பவர்களிடம் "சர்ச்ல" என்றால், "ஓ, கிறிஸ்டியனா" என்று அதோடு விட்டுவிடுவார்கள். அடுத்த கேள்வி வராது. கவர் என்றால் உறை என்றும் அர்த்தம் இருக்கிறதே, அதற்குள்தான் இருந்திருக்கிறேன்.

இதற்காகக் கவர் பாடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. மார்லி செய்ததே ஒரு வகையில் அதுதான். மனசின் அடிமைத்தளை பற்றி அந்தப் பாட்டில் வருகிறதே, அது மார்கஸ் கார்வி 1937இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பேசிய பேச்சிலிருந்து எடுத்தது. நம்முடைய அம்பேத்கர் 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதி கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்கச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் வைத்தார்கள். எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்கள் எடுத்தது தன் கதையைச் சத்தமாகச் சொல்வதற்கு. நான் என் கதையை மறைத்துக்கொள்ள எடுத்தேன்.

மறு மாதமும் போனேன், அதே பாட்டு. முதலில் மைக்கில் சொன்னேன்: "எங்க ஐயா பறையடிச்சவர். நாங்க பறையர். இந்தப் பாட்டுல வர்ற கப்பல் நாகப்பட்டினத்துலயும் நின்னுருக்கு." 1843ஐச் சொன்னேன், வெண்மணியைச் சொன்னேன். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். போன தடவை கண்ணை மூடியவர்கள் இந்தத் தடவை போனைப் பார்த்தார்கள். கரண்டி கோப்பையில் இடிக்கும் சத்தம் கேட்டது. பாடினேன், கூடப் பாட ஆள் இல்லை. ஓட்டத்தில் இந்தத் தடவை விரல் வழுக்கவில்லை. முடிந்ததும் நடத்துகிறவர் தோளில் கை போட்டு, "அடுத்த தடவ பாட்டு மட்டும் போதும் ப்ரோ. டைம் பிரச்சன" என்றார். எனக்கு முன்னால் பாடியவர் தன் காதல் முறிந்த கதையை நாலு நிமிஷம் சொன்னார். அது டைமுக்குள் அடங்கிவிட்டது போலிருக்கிறது.

பெட்டியில் கிட்டாரை வைக்கும்போது காபி கொண்டுவந்து வைக்கிற பையன் பக்கத்தில் வந்தான். மேசையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "அண்ணே, அந்த 1843 எந்தப் புக்குல இருக்கு?" பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது ஐயாவிடம் இதைச் சொன்னேன். சாதியை மைக்கில் சொன்னதைக் கேட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது வெள்ளக்காரன் பாட்டா?" என்றார்.

"இல்லய்யா, கறுப்பு ஆளுக பாட்டு. நம்மள மாரி."

"அவுகளுக்கு மோளம் உண்டா?"

"உண்டுய்யா. அவுக சாமி கும்புடுறப்ப மூணு மோளம் வச்சு அடிப்பாக. தோல் மோளந்தான்."

"இந்தப் பாட்டுல?"

"இதுல மட்டும் இல்ல."

"ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மார்லிக்கு என்ன காரணமோ. அவர் பாடிய எத்தனையோ பாட்டில் மோளம் இருக்க, நான் தேடி எடுத்தது அது இல்லாத ஒன்றை என்பது ஐயா கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"பாடு, கேப்பம்" என்றார். பாடினேன். இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. இரண்டாவது சுற்று வரும்போது கட்டில் சட்டத்தில் சத்தம். இடது கையில் ஒற்றை விரல் சுண்டுக்குச்சியாக, வலது கை அடிக்குச்சியாக. முப்பது வருஷமாகத் தொடாத கை. தாளம் எனக்கு முன்னால் ஓடியது, நான் பின்னால் இழுபட்டுப் போனேன்.

உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டாள். "அப்பனும் மகனும் நிறுத்துங்க. பிள்ளைக தூங்குதுக."

அவர் நிறுத்தவில்லை.