பெயர் பெற்ற களமா, ஆட இடந்தரும் களமா?

எந்தக் கல்லூரி நல்லது என்று விசாரியாத பெற்றோர் நம்மிடையே இல்லை. பெயர் பெற்ற கல்லூரியின் வாயிலில் விண்ணப்பத்துடன் காத்து நிற்பது நமக்குப் பழகிய காட்சி. கனடாவிலே குடியேறிய நம்மவர் சிலருக்கு இக்கேள்வி இப்பொழுது வேறொரு கோலத்தில் வந்திருக்கிறது. ஐஸ் ஹொக்கி ஆடும் மகனை எந்த லீக்கிற் சேர்ப்பது என்பதே அது.

2025 ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய மூத்த பையனுக்கு அப்பொழுது வயது பதினைந்து, தடுப்பாட்டக்காரன். ஒன்ராறியோ ஹொக்கி லீக்கைச் சேர்ந்த கழகமொன்று அவனைப் பிந்திய சுற்றொன்றில் தெரிவு செய்திருந்தது. அக்கழகத்தின் ஊர் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். போவதானால், அங்கே வேறொரு குடும்பத்தாருடன் தங்கிப் படிக்கவும் ஆடவும் வேண்டும். வீட்டுக்கு அண்மையிலுள்ள ஜூனியர் ஏ அணியொன்றும் அவனை அழைத்திருந்தது. அது ஒரு படி கீழான லீக்.

"மாமா, உங்களுக்குப் பனிக்கட்டியைத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளோடு பழகியவர் நீங்கள். ஒரு யோசனை சொல்லுங்கோ" என்றான். தாயோ, பதினாறு வயதில் பிள்ளையை ஊரார் வீட்டில் விடுவதா என்று கண் கலங்கிக்கொண்டிருந்தாள்.

யோசனை சொல்வதற்கு முன் விஷயத்தை அறிய வேண்டுமல்லவா? நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இந்த ஆட்டத்தில் கோல் காப்பாளர் உட்பட ஆறு பேர் ஒரே வேளையில் களத்தில் இருப்பர். அவர்களுள் தடுப்பாட்டக்காரர் இருவர். அணியொன்று வழக்கமாக ஆறு தடுப்பாட்டக்காரரை மூன்று சோடிகளாக இறக்கும். ஆட்டம் 60 நிமிடம். சமமாகப் பங்கிட்டால் ஒருவனுக்கு 20 நிமிடம். ஆனால் எந்தப் பயிற்சியாளரும் சமமாகப் பங்கிடுவதில்லை. வெற்றி தோல்வி தொங்கும் வேளையில் முதற் சோடியே களத்தில் நிற்கும். ஏழாமவனோ மேலங்கி அணிந்து பார்வையாளருடன் அமர்ந்திருப்பான்.

முன்னணியில் ஆடுபவன் தவறினால் ஒரு வாய்ப்புப் போகும்; தடுப்பாட்டக்காரன் தவறினால் பெரும்பாலும் எதிரிக்கு நேர்வழி திறக்கும். பின்புறமாகச் சறுக்கியபடியே எதிரியின் தூரத்தை அளப்பதும், முதுகுக்குப் பின்னால் ஒருவன் பாய்ந்து வருகையில் இறப்பர் வட்டை மீட்டு முதல் வீச்சைச் சரியாக அனுப்புவதும் பார்த்துப் பழகும் வித்தைகளல்ல; ஆடித் தவறி, மீண்டும் ஆடியே பழக வேண்டியவை. ஆதலால் தடுப்பாட்டக்காரர் மற்றையோரிலும் பிந்தியே முதிர்வர் என்பது அத்துறையினர் பலரின் அபிப்பிராயம்.

முன்பு இத்தெரிவு இன்னும் கடினமாயிருந்தது. ஒன்ராறியோ லீக், மேற்கு லீக், கியூபெக்கும் கடலோர மாகாணங்களும் சேர்ந்த லீக் ஆகிய மூன்றும் இணைந்ததே கனடிய ஹொக்கி லீக். அதில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரரென்று கருதி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் களங்களுக்கு அனுமதியாது விட்டது. எனவே பதினாறு வயதுப் பையன் ஒரு கதவைத் திறந்தால் மற்றக் கதவு மூடிவிடும். 2024 நவம்பரில் அச்சங்கம் விதியை மாற்றியது. 2025 ஓகஸ்ட் 1 முதல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது கனடிய லீக்கில் ஆடிய பின்னரும் அமெரிக்கக் கல்லூரியில் ஆடலாம். கதவு திறந்ததனால் போட்டியும் கூடியது என்பதையும் மறத்தலாகாது.

மேலே சென்றவர்கள் எவ்வழியாற் சென்றார்கள்? டுரூ டவுட்டி ஒன்ராறியோ லீக்கில் குவெல்ப் அணிக்கு ஆடி, 2008 இல் தேசிய ஹொக்கி லீக்கின் தெரிவில் இரண்டாமவராக எடுக்கப்பட்டார். கேல் மகார் அல்பேட்டாவிலுள்ள புரூக்ஸ் என்னும் சிற்றூரின் ஜூனியர் ஏ அணியில் ஆடி, 2017 இல் நான்காமவராக எடுக்கப்பட்ட பின்னரும் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தங்கினார். சுவீடனில் வளர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 இல் 53 ஆம் ஆளாகவே எடுக்கப்பட்டார். ஆயினும் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்குரிய நொரிஸ் விருதை ஏழு முறை வென்றார். டவுட்டியும் மகாரும் அவ்விருதைப் பெற்றவர்களே. மூவர் வந்த வழிகளும் வெவ்வேறு.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, மருமகனிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வரச் சொன்னேன். முதலாவது, வரும் பருவத்தில் இவன் எத்தனையாவது தடுப்பாட்டக்காரன்? இரண்டாவது, தவறிழைத்த பையனைப் பயிற்சியாளர் மறுமுறை களத்தில் இறக்குவாரா, மூலையில் இருத்துவாரா? மூன்றாவது, படிப்பு என்னாகும்? ஒன்ராறியோ லீக்கில் ஒரு பருவ ஆட்டங்கள் 68. நெடுந்தூர பஸ் பயணங்களும் உண்டு. ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருட உயர்கல்விச் செலவை அங்கே வழங்குவர் என்பது பெரிய நன்மையே. ஆயினும் அதற்குரிய கால எல்லையையும் நிபந்தனைகளையும் கையொப்பமிடுமுன் வாசித்தறிதல் வேண்டும்.

கழகத்தின் பயிற்சியாளர் நேர்மையாகப் பதில் கூறினார். முதற் பருவத்தில் இவன் ஏழாவது அல்லது எட்டாவது ஆளாக இருப்பான் என்றார். அயலூர் அணியின் பயிற்சியாளரோ, இரண்டாம் சோடியில் இறக்குவதாகவும், எதிரணியின் வலிய வரிசைக்கெதிரே நிறுத்துவதாகவும் சொன்னார். தெரிவு செய்த கழகத்துக்கு உடனே போக வேண்டிய கட்டாயமில்லை. அடுத்த வருடமும் போகலாம். பையனே தீர்மானித்தான்: "தாத்தா, மேலே இருந்து பார்ப்பதைவிடக் கீழே நின்று ஆடுகிறேன்."

இதைக் கேட்டு, ஜூனியர் ஏ அணிதான் எல்லோருக்கும் நல்லது என்று எவரும் எண்ணிவிடலாகாது. உடல் முதிர்ந்து, முதல் நான்கு பேருள் இடம் பெறக்கூடிய பையனுக்குப் பெரிய லீக்கே ஏற்றது. தன் பலத்துக்கு மிகக் குறைந்தோருடன் ஆடி எளிதில் வெல்பவனும் வளர்வதில்லை. லீக்கின் பெயர் பிறர் கேட்டு வியப்பதற்கு உதவும். பிள்ளை வளர்வது அவனுக்குக் கிடைக்கும் நிமிடங்களிலேதான். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிரைப் பிடுங்கி, வேரோட இடமுள்ள வயலில் நடுவதை நம் கமக்காரர் அறிவர். எந்த வயல் ஊரிற் பெரியது என்று அவர்கள் கேட்பதில்லை. இந்த நாற்றுக்கு எது ஏற்றது என்றே பார்க்கின்றனர்.