சார்ந்து நிற்கும் மூலம்

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே கணக்கு மேசைக்கு வந்தவர்கள் நாம். மின்விசிறி சுற்ற மறுத்தால் மாற்றவேண்டிய சிறு பொருள் என்பதற்குமேல் மின்தேக்கியைப் பற்றி நாம் அறிந்ததில்லை. ஆயினும் சென்ற மாரிக்காலத்தில் ஓரிரவு அதனோடு மல்லுக்கு நிற்க நேர்ந்தது.

பாலிடெக்னிக்கில் பயிலும் தம்பி குறிப்பேட்டை மூடிவைத்து, "இந்தப் படிப்பு எனக்கு ஏறாது, அண்ணா. ஏதேனும் வேலைக்குப் போகிறேன்" என்றான். முன்னொரு நாள் நாமும் இதே சொல்லைச் சொல்லித்தான் படிப்பை விட்டோம். அது நெஞ்சைச் சுட்டது. "எந்தக் கணக்கு? உரக்கப் படி" என்றோம்.

இரு முனைகளுக்கிடையே 2 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று. அதே முனைகளுக்கிடையே இன்னொரு கிளை. அதில் 3 மைக்ரோபாரட் மின்தேக்கியும், தொடராக ஒரு சார்பு மின்னழுத்த மூலமும். முனைகளில் உள்ள மின்னழுத்தத்தைப்போல் நான்கு மடங்கை அம்மூலம் அந்த மின்தேக்கியின்மேல் கூடுதலாக ஏற்றும். மொத்தத்தில் இவை எத்தனை மைக்ரோபாரட்டுக்குச் சமம்? நூலின் விடை 17. தம்பிக்கு வந்தது 5.

"மூலங்களை நீக்கிவிட்டுக் கூட்டுவது விதி. அப்படித்தான் செய்தேன்" என்றான்.

நமக்குச் சம்பளப் பட்டியல் நினைவுக்கு வந்தது. பஞ்சப்படி என்பது அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று அமைவது. சம்பளம் இருக்கப் பஞ்சப்படியை மட்டும் அடித்துவிட எந்தக் கணக்கருக்கும் உரிமையில்லை.

"இந்த மூலம் பாட்டரியைப்போல் தானாக நிற்பதா? முனையைப் பார்த்து நடப்பதா?" என்று கேட்டோம்.

"முனையைப் பார்த்து நடப்பது" என்றான் மெல்ல.

"அப்படியானால் அதை எப்படி நீக்கலாம்? மின்தேக்குத்திறன் என்பதுதான் என்ன?"

"ஒரு வோல்ட்டுக்கு ஏற்கும் மின்னூட்டம்."

"முனைகளில் 1 வோல்ட் வைத்து எண்ணிப் பார்."

எண்ணினான். முதல் மின்தேக்கியில் 2 மைக்ரோகூலும். அடுத்ததன்மேல் முனையின் 1 வோல்ட்டும் மூலத்தின் 4 வோல்ட்டும் சேர்ந்து 5 வோல்ட். ஆகவே 15 மைக்ரோகூலும். இரண்டும் சேர்ந்து 17!

பிறகு அவனே மூலத்தின் திசையைத் திருப்பினான். 1 வோல்ட்டில் 4 கழிய, எதிர்க்குறி 3 வோல்ட். மின்னூட்டம் எதிர்க்குறி 9. மொத்தம் எதிர்க்குறி 7 மைக்ரோபாரட்! கடையில் கிடைக்காத மின்தேக்கி அது. மூலம் ஆற்றலை ஊட்டுவதால் இயல்வது. பெருக்கிகளில் 3 மைக்ரோபாரட் 15ஆகத் தோன்றுவதே மில்லர் விளைவு என்றும், வெற்றிடக் குழல்களை ஆராய்ந்த ஜான் மில்லரின் பெயரால் அது வழங்குகிறது என்றும் நமக்கே பாடம் சொன்னான். வேலைக்குப் போகும் பேச்சு அதன்பின் எழவில்லை.

பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகளின் பாடம் புரியாதென்று விலகி அமரும் அன்பர்கள் பலர். விடை நமக்குத் தெரியவேண்டியதில்லை. அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, ஐயம் எழும் இடத்தில் ஒரு கேள்வி கேட்டாலே போதும்.