ஓய்வூதியமும் ஓர் அமானிதமே



ஓய்வூதியத்தின் அருமையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த சொல்தாக்களின் குடும்பங்கள் கடல்கடந்து வந்த பென்ஷனால் தலைநிமிர்ந்த ஊர் இது. எங்கள் வீட்டிலும் தந்தையாரின் அரசு ஓய்வூதியம் வந்த பிறகே தாயாரின் மருந்துச் சீட்டு கடைக்குப் போகும்.

2025 மார்ச்சில் புதுச்சேரிப் பொதுப்பணித் துறையின் உயர் பொறியாளர்கள் லஞ்சக் குற்றச்சாட்டில் சி.பி.ஐ.யால் கைது செய்யப்பட்டனர். குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றமே கூற வேண்டும். ஆயினும் அச்செய்தி எங்களுக்குள் ஒரு வினாவை எழுப்பிற்று: லஞ்சக் குற்றம் நிரூபணமான அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப் பறிப்பது நீதியா? அவர் மனைவி மக்கள் செய்த பிழை என்ன?

சட்டம் சொல்வதை முதலில் அறிவோம். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளே பொருந்தும். 2004 ஜனவரி 1க்கு முன் பணியில் சேர்ந்தோருக்கான அவ்விதிகள், நன்னடத்தையை ஓய்வூதியத்தின் நிபந்தனையாகவே வைத்துள்ளன. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றால், ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ, நிரந்தரமாகவோ குறித்த காலத்துக்கோ நிறுத்தலாம். பணியிலிருக்கும்போதே பதவிநீக்கம் செய்யப்பட்டவர் தம் முந்தைய பணிக்காலத்தையே இழக்கிறார். அதனோடு ஓய்வூதியமும் பணிக்கொடையும் போய்விடுகின்றன. ஓய்வு பெற்ற பின்னும் வழக்கு நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் கிடைக்கும். பணிக்கொடை தீர்ப்பு வரும்வரை காத்திருக்கும்.

அதே விதிகள் கருணைக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்துள்ளன. தகுதியான நேர்வுகளில், பதவிநீக்கம் செய்யப்பட்டவருக்கு ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாத கருணைப்படி வழங்கலாம். உச்ச நீதிமன்றமும் ஓய்வூதியம் அரசு இடும் பிச்சையன்று, ஊழியரின் உரிமை என 1971இல் தீர்ப்பளித்தது. அது சொத்தாகும், சட்டத்தின் அதிகாரமின்றி அதை நிறுத்தலாகாது என 2013இல் ஜார்க்கண்ட் வழக்கொன்றில் உறுதி செய்தது. ஆகவே அதிகாரியின் கோபத்தால் பறிக்க முடியாது. விதியின்படியே பறிக்க முடியும்.

இதை எங்கள் வீட்டில் பேசியபோது கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்ற குர்ஆனின் போதனையை இளையோர் நினைவூட்டினர். தந்தையார் வேறொன்றைச் சொன்னார்: “முப்பது ஆண்டு நேர்மைக்குக் கிடைக்கும் கூலி இது. நேர்மையை விற்றவன் கூலியை இரண்டு முறை கேட்கிறான்.”

ஸக்காத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்த வரலாற்றை நாம் அறிவோம். அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். பதவிக்காக வருவது பதவியாளனின் சொத்தன்று என்பதே அதன் பாடம்.

எனவே நாங்கள் எட்டிய முடிவு இது: தண்டனை உறுதியானபின் ஓய்வூதியம் பறிக்கப்படுவது அநீதியன்று. ஆனால் அக்குடும்பத்தில் முதிய தாயும் படிக்கும் பிள்ளையும் பசித்திருந்தால், அவர்களைக் கவனிப்பது முஹல்லாவின் கடமை. அவர்களைப் பள்ளிவாசல் வாசலில் விரல் நீட்டிக் காட்டுவது நமக்கு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. லஞ்சம் வாங்குபவரோடு கொடுப்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். பட்டா மாற்றத்துக்கும் சான்றிதழுக்கும் கவரை நீட்டும் கை நம்முடையதாக இருக்கும்வரை, பிறர் ஓய்வூதியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன தகுதி? அரசுப் பணியிலுள்ள நம் பிள்ளைகளிடம் சம்பளத்துக்கு மிஞ்சிய பொருள் வீட்டுக்கு வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று அன்றே கேட்போம். அந்தக் கேள்வி முதுமையில் அவர்களுடைய ஓய்வூதியத்தையும் மறுமையில் அவர்களையும் காக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஹலாலான ஒரு கவளத்தில் அல்லாஹ் நமக்கு பரக்கத் செய்வானாக. ஆமீன்.