நாளைக்கு மூண்டு பேர் காணும்

சண்டிலிப்பாயில் வழுக்கையாற்றுப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். ஐந்து பெண்கள் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குகிறார்கள். தோட்டக்காரர் வரம்பில் நின்று ஒருக்கால் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார், ஒருக்கால் பாத்தியைப் பார்க்கிறார். உரம் விற்கிற விலை அவர் முகத்தில் தெரிகிறது.

பத்து மணிக்குப் பிளேன்ரீ. பனங்கட்டியைக் கடித்தபடி இளையவள் கேட்கிறாள்:

"அக்கா, அஸ்வெசும விழுந்திட்டுதே?"

"விழுந்தது. பத்தாயிரம். கடைக் கொப்பியோடை சரி."

2023இல் இலங்கையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அரச உதவிக் காசு அது. 2025இலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு அதிகபட்சம் மாதம் 17,500 ரூபா. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று அது கேட்பதில்லை. மழைக்கு ஒரு கிழமை தோட்டம் படுத்தாலும் அதே காசுதான். வேலை கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் இல்லை. போருக்குப் பிறகு வன்னியில் உலக வங்கிப் பணத்தில் கூலி கொடுத்துத் துப்புரவு வேலை நடந்தது. திட்டம் முடிய அதுவும் முடிந்தது.

மூத்தவள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவள். கோப்பையைக் கழுவிக்கொண்டே சொல்கிறாள்:

"அங்கை நூறு நாள் வேலையெண்டு பக்கத்து ஊர்ச் சனம் கண்மாய் வெட்டப் போகும். எங்களுக்கு அட்டை இல்லை. ஆனா அந்த நாளையில வயலுக்கு ஆள் பிடிக்கிறது கஷ்டம். எங்களையும் கூலி கூட்டித்தான் கூப்பிட்டவங்கள்."

கேட்டவருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்ற இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த வேலை அது. ஆந்திராவில் அந்தக் கூலியைச் சீராகக் கொடுக்க வழி செய்து பார்த்த ஆய்வாளர்கள் இதையேதான் கண்டார்கள்: வறிய குடும்பங்களின் உழைப்பு வருமானம் ஏறத்தாழ 14 வீதம் கூடியது, கூடியதில் பெரும்பங்கு அரச வேலையில் வந்ததல்ல, தனியாரிடம் செய்த வேலையில் வந்தது. இவளுக்கு அது வயல் வரம்பிலேயே தெரிந்திருக்கிறது.

இளையவள் கேட்கிறாள்: "அந்த நூறு நாள் வேலைக்குப் போகாத ஆக்களுக்கும் கூலி கூடுமோ?"

"வேறை இடம் போவினம் எண்ட பயம் இருந்தாக் கூடும் பிள்ளை."

பின்னேரம் தோட்டக்காரர் தாள்களை எண்ணி ஒவ்வொரு கையிலும் வைக்கிறார். போன மாதம் கொடுத்த அதே தொகை. ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அதைப் பற்றி இன்றைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு மூண்டு பேர் காணும்."

"ஆர் மூண்டு பேர், தம்பி?" என்கிறாள் மூத்தவள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கோ அக்கா."

அவள் ஒருவரையும் பார்க்காமல் கைகழுவப் போகிறாள். இளையவள் மானிப்பாய்ப் பக்கம் யாருக்கோ அழைப்பெடுக்கிறாள்: "அண்ணை, உங்கடை புகையிலைக்கு ஆள் தேவையோ? எவ்வளவு தந்தாலும் பரவாயில்லை."