ஒரே பைக், இரண்டு நியாயம்: ரேஸ் டிராக்கும் கும்மிடிப்பூண்டி சாலையும்

சாதிச் சான்றிதழ், பட்டா, நிலுவையில் இருக்கும் பி.எஃப். பணம் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, கும்மிடிப்பூண்டி காலனிகளில் தம்பிகள் எங்களிடம் கடைசியாக ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். "அண்ணா, ஆர்.சி. 390 எடுக்கலாமா, அப்பாச்சி 310 எடுக்கலாமா?" கேட்பவர்கள் சிப்காட்டில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்பவர்கள். ரோலிங் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, கண் சிவந்து, முன்பணத்துக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. "கூரை ஒழுகுது, இவனுக்கு ரேஸ் பைக் கேக்குது" என்பார்கள். நம் தோழர்களிலும் சிலர் நுகர்வு மோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அப்படி முடிப்பதில்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று உத்தரவிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பைக்கைப் பற்றிக் கேட்டால் முதலில் பைக்கைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கே.டி.எம். ஆர்.சி. 390-இல் 373 சிசி இன்ஜின், 43.5 பி.எஸ். சக்தி, எடை சுமார் 172 கிலோ. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310-இல் 312 சிசி. 2017 டிசம்பரில் வந்தபோது 34 பி.எஸ்., 2024-இல் 38 பி.எஸ். எடை 174 கிலோ. நம் பிள்ளைகள் அதிகம் வாங்குவது யமஹா ஆர்15. 155 சிசி, 18.4 பி.எஸ்., 142 கிலோ. காகிதத்தில் பார்த்தால் ஆர்.சி. 390 ஜெயிக்கும். ரேஸ் டிராக்கிலும் நேர்கோட்டில் அதுதான் முன்னால் போகும்.

ஆனால் இந்த வண்டிகளின் முழுச் சக்தியும் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000, 10,000 முறை சுற்றும்போதுதான் வெளியே வருகிறது. டிராக்கில் அந்த வேகத்திலேயே வைத்து ஓட்டலாம். கவரைப்பேட்டை சிக்னலில் நின்று நின்று போகிறவருக்கு அது எப்போது கிடைக்கும்? குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பார் வளைவில் முன்சக்கரத்துக்கு எடை கொடுக்கும். அதே ஹேண்டில்பார், எட்டு மணி நேரம் இரும்பு தூக்கிய மணிக்கட்டை வீட்டுக்குப் போகும் வழியில் நசுக்கும். இறுக்கமான சஸ்பென்ஷன் டிராக்கின் மழமழப்பான தாரில் வண்டியை நிலையாக வைக்கும். லாரி உழுத சாலையில் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்கு அனுப்பும்.

இது தயாரிப்பவர்களுக்கும் தெரியும். 2020-இல் வந்த ஆர்.ஆர். 310-இல் மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என்று நான்கு முறைகள் வைத்தார்கள். ஸ்போர்ட், டிராக் முறைகளில் 34 பி.எஸ். மழை, நகர முறைகளில் 25.8 பி.எஸ். மட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னை அடக்கிக்கொள்கிறது. சாலை வேறு, டிராக் வேறு என்பதை அந்தப் பொத்தானே ஒப்புக்கொள்கிறது.

டிராக் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. செங்குன்றத்தைத் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளத்துக்குத் தனி டிராக் திறக்கப்பட்டது. அங்கே எதிரே வண்டி வராது, மாடு வராது. வளைவுக்கு வெளியே, தடம் தவறிப் போகிறவருக்காகவே இடம் விட்டிருப்பார்கள். யாராவது விழுந்தால் மார்ஷல் மஞ்சள் கொடி காட்டுவார், யாரும் முந்தக் கூடாது. நிலைமை மோசமானால் சிவப்புக் கொடி, மொத்தப் பந்தயமும் நிற்கும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்காமல் பந்தயமே தொடங்காது. தோல் உடுப்பு, கையுறை, முழு ஹெல்மெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். மனிதர் தவறுவார், விழுவார் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு கட்டப்பட்ட இடம் அது.

இப்போது கும்மிடிப்பூண்டி சாலைக்கு வாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கும். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்கவே அந்த ஒரு நொடி போய்விடும். ஏ.பி.எஸ். இருக்கும் நல்ல வண்டி, காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் ஏறத்தாழ 50 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 80 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் இதுவே 35 மீட்டர்தான். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரி, பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கிறது. விளக்குக் கம்பம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. ஹெட்லைட்டின் லோ பீம் 80 மீட்டருக்கு எட்டாது. இங்கே 43 பி.எஸ். வண்டிக்கும் 18 பி.எஸ். வண்டிக்கும் ஒரே சுவர்தான்.

டயரும் அப்படித்தான். டிராக் டயர் மென்மையானது, சூடேறினால்தான் பிடிக்கும். அதனால் பந்தயத்துக்கு முன்பே போர்வை சுற்றிச் சூடாக்குகிறார்கள். தெரு டயர் குளிரிலும் மழையிலும் மணலிலும் பிடிக்க வேண்டும், பல ஆயிரம் கி.மீ. உழைக்கவும் வேண்டும். டயர் என்றதும் எங்களுக்குத் தேர்வாய் கண்டிகை நினைவுக்கு வராமல் இருக்காது. 2016 முதல் மோட்டோ ஜி.பி. பந்தயங்களுக்கு டயர் கொடுத்துவரும் மிஷெலின் நிறுவனத்தின் லாரி, பஸ் டயர் ஆலை அங்கேதான் இருக்கிறது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கிராமம், ஆடு மாடு மேய்த்து, விறகு எடுத்து வந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்தபோது போராடியது. 2012-இல் அந்தப் புகார் பிரான்ஸ் வரைக்கும் போனது. சாலைக்கும் ஆலைக்கும் நிலம் இழந்தவர்களின் பிள்ளைகள் அந்தச் சாலையில் ஓட்டுகிற பைக்கைத்தான் ஆடம்பரம் என்கிறோம்.

விழுந்த பிறகு நடப்பதுதான் பெரிய வித்தியாசம். டிராக்கில் ஒருவர் விழுந்தால், வளைவில் எண்ணெய் சிந்தியிருந்ததா, வெளியே விட்ட இடம் போதவில்லையா, கொடி தாமதமா என்று கேட்பார்கள். சாலையில் விழுந்தால் எஃப்.ஐ.ஆரில் ஒரு வாக்கியம் காத்திருக்கிறது: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்". 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். மொத்தச் சாவுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகம் என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. எரியாத விளக்குக்கும் நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் லாரிக்கும் அந்தப் படிவத்தில் எவ்வளவு இடம்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் நின்றிருந்த லாரியில் மோதி இறந்தான். அவனிடம் இருந்தது ஆர்15. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் பேசியது வண்டியைப் பற்றி. "ரேஸ் பைக்காம், பறந்திருக்கான்." லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை நேரத்தில் நடக்கவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் ஒப்பந்தக்காரர். அது பொய். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்த்த 51இ பிரிவின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்து, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும். சார்ந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இது தெரியாமல் எத்தனை தாய்மார்கள் ஈமச்சடங்குப் பணத்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்!

தெருவில் இன்னொரு தடையும் இருக்கிறது. எந்த டெஸ்ட் ரைடும் அதை அளக்காது. டிராக்கில் யார் முன்வரிசையில் நிற்பது என்பதைத் தகுதிச்சுற்று நேரம் முடிவு செய்யும். தெருவில் சாதி முடிவு செய்யப் பார்க்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஒருவர் பைக் ஓட்டலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது.

அதனால் தம்பிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். நம் சாலைக்கு 155 சிசி தாராளம். வாங்குவதானால் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இருப்பதை வாங்கு. மேல் மாடலுக்கு ஆகும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் டயரும் வாங்கு. இரவில் 60-ஐத் தாண்டாதே. வேகம் பார்க்க ஆசையிருந்தால் அது தப்பில்லை, நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு டிராக் பயிற்சிக்குப் போ. ஈ.எஸ்.ஐ. எண்ணை வீட்டில் எழுதி வை. அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்லி வை.

அதிகாரிகளிடம் கேட்பதும் டிராக்கில் ஏற்கெனவே இருப்பதைத்தான். எரிகிற விளக்கு, லாரிக்குத் தனி நிறுத்துமிடம், ஷிப்ட் நேரத்தில் ஆம்புலன்ஸ், விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்த்து எழுதுகிற அறிக்கை. பரிசுக்காக ஓட்டுபவனுக்குக் கிடைப்பது பிழைப்புக்காக ஓட்டுபவனுக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மனு எழுத நாங்கள் வருகிறோம்.