நான்காம் படம்

மதிப்பாய்வாளர் கேட்டது ஒன்றுதான்: நான்காம் படம் மங்கலாக உள்ளது, அங்குலத்திற்கு 300 புள்ளி அடர்த்தியில் மீண்டும் அனுப்புக. அரைமணி நேர வேலை என்று எண்ணி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன்.

ஆர் மொழியில் பிஎன்ஜி கட்டளைக்கு அளவு எதுவும் தராவிட்டால் அது 480க்கு 480 பிக்சல் கொண்ட கோப்பை எழுதும். திரைக்குப் போதும், அச்சில் 300 அடர்த்திக்கு நான்கு சென்டிமீட்டர் அகலமே தேறும். அடர்த்தியை மட்டும் 300 என மாற்றினேன். ஓரங்கள் மிகப் பெரியவை என்று பிழைச்செய்தி வந்தது. உண்மையில் குறை ஓரங்களில் இல்லை. பிக்சல் எண்ணிக்கை மாறாமல் அடர்த்தி கூடினால் வரையும் பரப்பு 1.6 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. எழுத்துக்கான இடமோ சுருங்குவதில்லை. அகலம் 170, உயரம் 120, அலகு மில்லிமீட்டர் என்று குறித்தபின் படம் வந்தது. (டெவ்.ஆஃப் எழுத மறந்து, திறக்க மறுத்த கோப்பை முறைத்துக்கொண்டிருந்த கால்மணி நேரம் தனிக்கதை.)

புதிய படம் தெளிவாக இருந்தது. ஆனால் அது பழைய படம் அன்று.

கிணறுகளின் நீர்மட்டம் தாழ்வதைக் காட்டும் கோடு பழைய படத்தில் சடாரென்று இறங்கியது. இதில் மெல்லச் சாய்ந்தது. காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. ஒரு கிணற்றின் சில ஆண்டு அளவீடுகள் அடிக்கணக்கில் பதிவாகி, மீட்டராக மாற்றப்படாமலே இருந்தன. அதைப் பின்னர் திருத்தினேன். கட்டுரையின் அட்டவணைகள் திருத்திய தரவிலிருந்து வந்தவை. படத்தை மட்டும் அதற்கு முன்பே, ஒரு கருத்தரங்க அவசரத்தில், கட்டளையை நேராகத் தட்டிச் சேமித்திருந்தேன். வரையும் வரிகள் நிரலில் இருந்தன, சேமிக்கும் வரி இல்லை. நிரலை எத்தனை முறை ஓட்டியும் அந்தக் கோப்பு மட்டும் மாறவே இல்லை. அதன் பெயர் வேறு ‘இறுதி’.

யாரும் கவனிக்கவில்லை. தெளிவான படம் என்ற பெயரில் சத்தமின்றி மாற்றி அனுப்பியிருக்கலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

காலையில் இரு படங்களையும் நெறியாளரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “மங்கலாக இருந்தது நல்லதாயிற்று. பதிப்பாசிரியருக்கு நீங்களே எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து” என்றார்.

எழுதினேன். பிறகு மற்ற ஏழு படங்களின் கோப்புகளையும் அழித்துவிட்டு, ஆர் மென்பொருளைப் புதிதாகத் திறந்து நிரலை முதலிலிருந்து ஓட்டினேன். ஐந்துதான் திரும்பி வந்தன. மீதி இரண்டிற்கான சேமிப்பு வரிகளை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிப்பாசிரியரின் மறுமொழி இன்னும் வரவில்லை.