தபசு இருக்கும் பிஸ்டன்

சங்கரன்கோவிலைச் சுற்றிய கரிசல் ஊர்களில், புது டிராக்டர் வந்ததும் பழையது ஏதாவது ஒரு வேப்பமரத்தடிக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் அதன் தலையில்தான். பிறகு ஒருநாள் யாருக்கோ அதன் நினைப்பு வரும். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்.

“ஜாம் ஆயிட்டு அண்ணாச்சி” என்பார் மெக்கானிக்.

குற்றவாளி பெரும்பாலும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சர் குழாய்தான். ஓய்ந்து நிற்கும் எஞ்சினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்தே கிடக்கும். குழாயில் விழுந்த மழை அந்த வழியாக இறங்கி, பிஸ்டன் தலையில் தேங்கும். பிஸ்டன் அலுமினியம். அதைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும் லைனரும் வார்ப்பிரும்பு. இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். மயிரிழை இடைவெளியில் அந்த இடம் ஏது? இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சூடேறி உருகிப் பிடித்த பிஸ்டனின் கதை வேறு. அதற்கு வைத்தியம் குறைவு. துரு பிடித்தது பிழைக்கும், அவசரப்படாவிட்டால்.

அவசரம் என்றால், இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி, கியரில் போட்டு இழுப்பது. சக்கரம் உருள மறுக்கும். மீறி இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை அங்கேதான் லட்சத்தைப் பார்க்கப் புறப்படுகிறது.

மரத்தடியில் நிற்பது மாசே பெர்குசன் 1035 என்றால் உள்ளே இருப்பது சிம்சன் எஞ்சின். 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டருக்குச் சென்னை செம்பியத்து எஞ்சின். மூலம், இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-இல் தொடங்கிய பெர்கின்ஸ். அங்கத்திய மாசே பெர்குசன் 35-இல் ஓடிய மூன்று சிலிண்டர் பெர்கின்ஸில் பிஸ்டனின் குறுக்களவு 91.4 மி.மீ., மேலும் கீழும் ஓட்டம் 127 மி.மீ. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்த உருளைதான் முழு வண்டியையும் நிறுத்திவைக்கிறது.

முதல் வேலை, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவது. தேங்கிய தண்ணீரை ஒற்றியெடுத்து, துருவைச் சுரண்டி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு நாள் அல்ல, ஒரு வாரம். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலோடு அசிட்டோன் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும், பக்கத்தில் பீடி ஆகாது. கோமதி அம்மன் தபசு இருந்த சங்கரன்கோவிலில் ஒரு வாரம் பொறுக்க முடியாதா என்று கேட்கலாம். விதைப்பு நேரத்தில் வந்து நிற்கும் சம்சாரியிடம் மட்டும் அதைக் கேட்கக் கூடாது.

ஊறிய பிறகு, அடியில் ஆயில் சம்பை இறக்கி ராடு மூடிகளைக் கழற்றினால், மூன்றில் எது பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன் தலையில் சிலிண்டருக்குள் அடங்கும் கட்டியான மரத்துண்டை வைத்துச் சம்மட்டியால் தட்டுவார்கள். தட்டுவதுதான், அடிப்பதல்ல. இரும்பை நேரடியாக வைத்தால் அலுமினியம் உடையும். கொஞ்சம் சூடேற்றி ஆறவிட்டால் அதுவும் உதவும்: அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், நடுவிலுள்ள துரு நொறுங்குகிறது.

ஹெட்டைக் கழற்றாமலே செய்யும் வித்தை ஒன்றும் உண்டு. வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும்படி ராக்கரைத் தளர்த்தி, நாசில் துளையில் இணைப்பு வைத்து கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றுவது. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தாலே, அந்தப் பிஸ்டன் தலையில் ஆறரை டன் உட்காரும். காற்றை ஏற்றினால் பிஸ்டன் விடுபடும் கணத்தில் வெடித்துக் கிளம்பும். கிரீஸ் சுருங்காத பொருள் என்பதால், பிஸ்டன் நகர்ந்ததும் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு உள்ளேயிருந்து அத்தனை கிரீஸையும் வழித்தெடுப்பது தனி தண்டனை.

முதல் அசைவு கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோடு நூலளவு விலகும். உடனே முன்னே தள்ளாமல் பின்னே, மறுபடி முன்னே. அரையங்குலம் கிடைத்ததும் இன்னும் கொஞ்சம் எண்ணெய். பிஸ்டனை மேலே எடுப்பதற்கு முன், லைனரின் உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பைச் சுரண்டிவிட வேண்டும். மறந்தால் ரிங் காடி உடையும்.

வெளியே வந்த பிஸ்டனைத் துடைத்துப் பார்ப்பார்கள். லைனரில் ரிங்குகள் நின்ற இடத்தில் துருவின் வளையங்கள். நகத்தில் தட்டுப்படும் பள்ளம் என்றால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஹோன் அடித்துப் புது ரிங் போட்டு ஓட்டிவிடலாம்.

வண்டி மரத்தடிக்குத் திரும்பும்போது, சைலன்சர் வாயில் ஒரு பால்பவுடர் டின் கவிழ்ந்திருக்கும்.